தோளில் தொங்கிய எடையை இடுப்புக்கு மாற்றினேன்: மணி வேலைக் கவுன் ஒன்றைப் பழுதுபார்த்த பதிவு

கவுன் இப்போது தோள்பட்டி இல்லாமலே உடம்பில் நிற்கிறது. பட்டி இரண்டையும் அவிழ்த்துவிட்டு, கையைத் தூக்கி, குனிந்து, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பார்த்தாகிவிட்டது. கழுத்து விளிம்பு அரை சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை. 4 கிலோ 300 கிராம் எடையுள்ள மணி வேலைக் கவுன் இது. எப்படிச் சரியானது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படும்.

தோழி ஒருத்தி தன் திருமண வரவேற்புக்கு அணிந்தது. தரை தொடும் நீளம், பின்னால் தரையில் இழுபடும் அரை மீட்டர் ட்ரெயில். மேலே நைலான் நெட், அது முழுக்க நெருக்கமாகக் குழல்மணி, பாசிமணி, சமிக்கி, நடுநடுவே கண்ணாடிக் கல். அடியில் சாட்டின் லைனிங். இதையே ஒரு விருது விழாவில் சிவப்புக் கம்பளத்தில் நடக்க மறுபடி அணிய ஆசைப்பட்டாள். போட்டுப் பார்த்தால் பத்து நிமிடத்தில் கழுத்து 2 சென்டிமீட்டர் இறங்குகிறது. இடுப்பு வளைவில் ஜிப் வாய் பிளக்கிறது. பக்கவாட்டில் பாவாடை விளிம்பு முன்பக்கத்தைவிட 3 சென்டிமீட்டர் தாழ்ந்து தொங்குகிறது. நடந்த வழியெல்லாம் மணி உதிர்கிறது.

மேல்பாகத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாவாடையை மட்டும் தராசில் குவித்துப் பார்த்தேன். சுமார் 3 கிலோ காட்டியது. அதாவது எடையில் பெரும்பகுதி இடுப்புக்குக் கீழே இருக்கிறது. ஆனால் அதைத் தாங்குவது விரல் அகலத்தில் இரண்டு தோள்பட்டி. பிரச்சினை அத்தனையும் இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகிறது என்பது அப்போது எனக்கு முழுசாகப் புரியவில்லை. எல்லோரும் முதலில் செய்வதையே நானும் செய்தேன்: பட்டியை ஒன்றரை சென்டிமீட்டர் சுருக்கினேன். கழுத்து மேலே ஏறியது உண்மை. ஆனால் பட்டி சேரும் இடத்தில் நெட் கூர்மையாக இழுபட்டு ஓட்டை விழத் தொடங்கியது, தோளில் சிவப்புத் தடம் பதிந்தது. அன்றே பிரித்துவிட்டேன்.

சரி, முதலில் உதிர்வதை நிறுத்த வேண்டும். பெரிய வெள்ளைப் பருத்தி விரிப்பைத் தரையில் போட்டு, கவுனை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி அதன்மேல் கிடத்தினேன். இந்த வேலை முடியும் வரை கவுனைத் தொங்கவிடவே இல்லை. வெள்ளை விரிப்பு என்றால் உதிரும் மணி கண்ணில் படும், திரும்பப் பொறுக்கலாம்.

நெட்டின் பின்பக்கத்தைப் பார்த்தாலே மணி எப்படி வைக்கப்பட்டது என்று தெரிந்துவிடும். அறுபடாத சங்கிலியாக நூல் ஓடினால் அது ஆரி ஊசி வேலை, அதாவது முனையில் கொக்கி உள்ள ஊசியால் செய்தது. சின்னச் சின்னக் கோடுகளாக இருந்தால் சாதாரண ஊசியால் தைத்தது. இந்தக் கவுனில் பாவாடை முழுக்க ஆரி, மார்புப் பகுதியில் மட்டும் கை ஊசி. ஆரியின் பலம் வேகம், பலவீனம் அதன் முடிவு. சங்கிலியின் கடைசிக் கண்ணி விடுபட்டால் போதும், இழுக்க இழுக்க வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். ஒரு இடத்தில் நூல்முனையை மெல்லத் தொட்டதும் என் கண் முன்னாலேயே ஒரு பூவின் இதழ் முழுதும் மணியாகக் கொட்டியது. அதனால் மணி வைக்கும் வேலையை அப்படியே விட்டு, முதலில் கவுன் முழுக்க அவிழ்ந்த முனைகளைத் தேடினேன். கிடைத்த ஒவ்வொரு முனைக்கும் அருகில் ஒரு சிவப்பு நூல் அடையாளம். கடைசிக் கண்ணிக்குள் ஊசியை விட்டு, பக்கத்து நெட் கண்ணோடு சேர்த்து இரண்டு முடிச்சு போட்டு, வாலை இரண்டு சென்டிமீட்டர் பின்பக்கமாகவே ஓட்டி வெட்டினேன். அலுப்பூட்டும் வேலை. ஆனால் இதை முடிக்காமல் புது மணி வைப்பதில் எந்தப் பயனும் இல்லை.

இடது மார்பு ஓரத்தில் முன்பு சரிசெய்த யாரோ பசை வைத்து மணி ஒட்டியிருந்தார்கள். பசை காய்ந்து பழுப்பேறி, அந்த இடம் மட்டும் அட்டையாக விறைத்து நின்றது. விறைத்த விளிம்பு ஒவ்வொரு அசைவிலும் பக்கத்து நூலை உரசுகிறது, அதனால் பசையைச் சுற்றி வட்டமாகப் புதிதாக மணி உதிர்ந்திருக்கிறது. பசை ஏறிய நெட்டை வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. ஓட்டையைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக அதே நிற நெட்டைப் பின்னால் வைத்து, மிகச் சிறிய ஓட்டுத் தையல் போட்டு, இரண்டு அடுக்கும் சேரும்படி ஊசி விட்டு மணி கோத்தேன். மணி ஏறியதும் ஒட்டுத் தெரியவில்லை.

மணியைப் பொருத்துவதில் நிறம்தான் சோதனை. அளவு எளிது: பாசிமணி 11 நம்பர், கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் விட்டம், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 110 மணி நிற்கும். குழல்மணி 6 மில்லிமீட்டர். ஆனால் உள்ளே வெள்ளிப் பூச்சு உள்ள மணி நாளாக ஆக மங்கும். புதிதாக வாங்கியது என்னதான் அதே வகையாக இருந்தாலும் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தனியே தெரிகிறது. இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அக்குளுக்குக் கீழேயும் ஜிப்புக்குப் பக்கத்திலும் இருக்கும் பழைய மணிகளைக் கழற்றி, முன்பக்க வெற்றிடங்களில் வைத்தேன். புது மணி அக்குளுக்குக் கீழே போனது. மொத்தம் 40 கிராம் புது மணி செலவானது, ஆனால் ஒன்றுகூடப் பார்ப்பவர் கண்ணுக்கு நேராக இல்லை.

ஊசி, நூல் பற்றி. மணி கோக்கும் ஊசி 10 நம்பர் எடுத்தேன். 11 நம்பர் மணிக்குள் இரண்டு முறை போய் வரும். கல்லின் ஓட்டை சிறிதாக இருந்த இடங்களில் மட்டும் அதைவிட மெல்லிய 12. பாலியெஸ்டர் நூல் இரட்டை இழை, தேன்மெழுகில் ஒரு இழுப்பு. மணி இரண்டாகக் கோத்து, பின்தையலாகத் திரும்பி, ஐந்தாறு மணிக்கு ஒரு முடிச்சு. ஒரு முனை அறுந்தாலும் அடுத்த முடிச்சோடு உதிர்வு நின்றுவிடும். குழல்மணியின் வெட்டு விளிம்பு கண்ணாடிச் சில்லு மாதிரி நூலை அறுக்கும். அதற்கு இரண்டு முனையிலும் ஒவ்வொரு பாசிமணி வைத்துக் கோத்தால் நூல் அந்த விளிம்பில் மடங்காது. பழைய வேலையில் இப்படிச் செய்யவில்லை, உதிர்ந்ததில் பெரும்பாலும் குழல்மணிதான்.

இனி உள்கட்டு. இந்தப் பழுதுபார்ப்பின் உயிரே இதுதான். பளபளப்பு எல்லாம் வெளியே இருந்தாலும், இப்படியொரு கவுனை நிற்க வைப்பது உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு இறுக்கமான சட்டை. 1947-ல் கிறிஸ்டியன் டியோர் தன் முதல் தொகுப்பை வெளியிட்டபோது எல்லோரும் பார்த்தது சிறுத்த இடையும் விரிந்த பாவாடையும். அதைத் தாங்கியது உடைக்குள்ளேயே தைத்திருந்த கட்டமைப்பு. இந்தக் கவுனின் லைனிங்கைப் பிரித்துப் பார்த்தால் மார்பில் மெல்லிய கப், பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் எலும்பு (உடை மடங்காமல் நிற்கத் தையலுக்குள் செருகும் மெல்லிய பட்டை), அவ்வளவுதான். அந்த எலும்பும் இடுப்பில் மடிந்து வளைந்துபோயிருந்தது.

முதலில் உண்மையான இடுப்பு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு எலாஸ்டிக்கை இடுப்பில் கட்டிவிட்டு, இரண்டு பக்கமும் சாய்ந்து நிமிரச் சொன்னேன். அது போய் நிற்கும் இடம்தான் இடுப்பு. கவுனின் இடுப்புத் தையல் அதைவிட 1.5 சென்டிமீட்டர் கீழே இருந்தது. அவள் இடுப்பளவு 76 சென்டிமீட்டர். காடா துணியில் எட்டுத் துண்டாக, மார்பின் மேல் நீளவாக்கில் தையல் ஓடும் பிரின்சஸ் கட்டில், உள்சட்டைக்கு ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்த்து, மார்புக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் பிடித்துச் சரிசெய்தேன். அப்புறம் அசல். இழுத்தால் நீளாத, நெருக்கமாக நெய்த பருத்தி டிரில் துணி. மேலே கழுத்து விளிம்பு வரை, கீழே இடுப்பிலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி இடுப்பெலும்பின்மேல் உட்காரும் நீளம். இந்த 10 சென்டிமீட்டரைக் குறைக்கக் கூடாது. இடுப்பு வளைவைப் பிடித்துக்கொள்வது இந்தப் பகுதிதான்.

எலும்பு: 6 மில்லிமீட்டர் அகலச் சுருள் எஃகு. தட்டையான எஃகு ஒரு திசையில் மட்டும் வளையும், சுருள் எஃகு பக்கவாட்டிலும் வளையும், அதனால் மார்பு வளைவைச் சுற்றி ஓடும் தையலுக்கு அதுதான் சரி. ஜிப்புக்கு இரண்டு பக்கமும் மட்டும் தட்டை எஃகு வைத்தேன். எலும்பை அதன் பையைவிட ஒன்றரை சென்டிமீட்டர் குறைவாக வெட்டி, முனைகளுக்குத் தொப்பி போட வேண்டும். பை நிறைய எலும்பு இருந்தால் மேல் தையலைக் குத்திக் கிழித்து அக்குளுக்கு வந்துவிடும்.

அடுத்து இடுப்புப் பட்டை. 2.5 சென்டிமீட்டர் அகலமுள்ள பீட்டர்ஷாம் ரிப்பன், குறுக்கே வரிவரியாக நெய்த விறைப்பான நாடா. கொக்கி மாட்டினால் 74 சென்டிமீட்டர் வரும்படி, உடம்பு அளவைவிட 2 குறைவாக. மூச்சு விடலாம், ஆனால் நகராது. இதை உள்சட்டையில் தையல் வரும் இடங்களில் மட்டும் பிடித்தேன். ஜிப்புக்கு இரு பக்கமும் 6 சென்டிமீட்டர் தைக்காமல் விட்டேன், கைவிட்டுக் கொக்கியை முதலில் மாட்ட வேண்டுமே. அணியும்போது முதலில் இடுப்புப் பட்டை, அப்புறம்தான் ஜிப். பட்டை இழுப்பை வாங்கிக்கொள்வதால் ஜிப்புக்கு மூடுகிற வேலை மட்டும்தான் மிச்சம்.

இப்போது எடையைக் கைமாற்றும் வேலை. ஒரு சென்டிமீட்டர் அகலப் பருத்தி நாடாவில் எட்டுத் துண்டு வெட்டி, ஒரு முனையை இடுப்புப் பட்டையிலும் மறு முனையைக் கவுன் பாவாடையின் இடுப்புத் தையலிலும் தைத்தேன். நாடாவின் நீளம், அதே இடத்தில் வெளியே ஓடும் மணி நெட்டின் நீளத்தைவிட அரை சென்டிமீட்டர் குறைவு. இந்த அரை சென்டிமீட்டரில்தான் சூட்சுமம். நாடா முதலில் இறுகுகிறது, 3 கிலோவும் அதில் தொங்குகிறது, மார்பின் மேலுள்ள நெட் தளர்வாக உட்காருகிறது. முதலில் நான்கு நாடா வைத்துப் பார்த்தேன். நாடாவுக்கு இடைப்பட்ட இடங்களில் நெட் குழிந்து தோரணம் போலத் தெரிந்தது. எட்டாக்கியதும் சமமாகிவிட்டது. கழுத்து விளிம்பில் ஆர்கன்சா என்ற மெல்லிய விறைப்பான துணியின் கரை ஓரத்தை நாடாவாக வெட்டி, விளிம்பைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவாக வைத்துச் சுருக்கித் தைத்தேன். விளிம்பு உடம்போடு ஒட்டிக்கொண்டது.

போட்டுப் பார்த்ததும் அவள் கேட்டது: "என்னடி, பாதி மணியைப் பிய்த்துவிட்டாயா? இவ்வளவு லேசா இருக்கே!" உண்மையில் எஃகும் டிரில்லும் சேர்ந்து கவுன் 350 கிராம் ஏறியிருந்தது. தராசில் வைத்துக் காட்டிய பிறகுதான் நம்பினாள்.

ஜிப்பை மாற்றும்போது ஒரு தொந்தரவு உண்டு. தையல் மார்ஜினில் மணி இருந்தால் மெஷின் ஊசி உடையும், அழுத்தித் தைத்தாலும் தையல் கோணும். அதனால் ஜிப் ஓரம் 1.5 சென்டிமீட்டர் மணியைக் காலி செய்ய வேண்டும். கத்தரித்தால் நூல் அறுந்து பக்கத்து மணியும் போகும். கூர்மூக்குக் குறடால் மணியை மட்டும் நொறுக்கினால் நூல் அப்படியே இருக்கும். மேலே ஒரு துணியைப் போர்த்தி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொண்டு செய்யவும். குழல்மணிச் சில்லு எங்கு வேண்டுமானாலும் தெறிக்கும். சமிக்கியை நொறுக்க வேண்டாம், விளிம்பிலிருந்து நடு ஓட்டை வரை ஒரு வெட்டு வெட்டினால் கழன்று வந்துவிடும்.

பழையது இன்விசிபிள் ஜிப், பல் வெளியே தெரியாத வகை. மெல்லிய துணிக்கு அழகாக இருக்கும், இந்த எடைக்குப் பத்தாது. 5 நம்பர் சாதாரண ஜிப், 55 சென்டிமீட்டர், ஒரு பக்க மடிப்பு மேலே வந்து மூடும் விதத்தில் வைத்தேன். அதையும் மெஷினில் தைக்காமல் கையாலேயே புள்ளித் தையல் போட்டேன். ஊசி மேலே வரும்போது ஒரு பாசிமணியைக் கோத்து, ஒரே ஒரு நெட் கண் பின்னால் இறக்கி, கீழே 6 மில்லிமீட்டர் தள்ளி மறுபடி மேலே. ஒவ்வொரு தையலின் தலையிலும் ஒரு மணி உட்கார்ந்துவிடுகிறது. முடிந்தபின் ஜிப் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. பல்லிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் எந்த மணியும் வராமல் பார்த்துக்கொண்டேன். ஒரு மணி ஸ்லைடரில் சிக்கினால், அணிந்திருக்கும்போதே கவுனை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பாவாடை விளிம்பு. பக்கவாட்டில் துணி குறுக்கு வாட்டத்தில் வெட்டப்பட்டிருப்பதால் மணியின் எடையில் அங்கேதான் அதிகம் நீண்டிருக்கிறது. கீழே கனமான பார்டர் வேலை இருப்பதால் வெட்டிக் குறைக்க முடியாது. இதற்கு மேலே இருந்துதான் வர வேண்டும். இடுப்புத் தையலைப் பக்கங்களில் பிரித்து, நடுவில் 3 சென்டிமீட்டர், முன்னும் பின்னும் போகப் போகப் பூஜ்ஜியம் என்று தூக்கிப் பிடித்தேன். அதற்கு அவள் விழாவுக்கு அணியப்போகும் அதே செருப்போடு நிற்க வேண்டும். தரையில் நிமிர்த்திய அளவுகோலால் 10 சென்டிமீட்டருக்கு ஒரு குண்டூசி, முன்பக்கம் தரையிலிருந்து 2 சென்டிமீட்டர். உள்கட்டு முடியும் முன் இந்த அளவை எடுத்திருந்தால் எல்லாம் வீண். எடை இடுப்புக்கு மாறியதுமே விளிம்பு முழுதும் ஒரு சென்டிமீட்டர் ஏறிவிட்டது.

சுருக்கம் எடுக்க இஸ்திரிப் பெட்டி பக்கமே போகவில்லை. பிளாஸ்டிக் சமிக்கி சூட்டில் சுருண்டு நிறம் மாறும், திரும்ப வராது. லைனிங்கை மட்டும் பின்பக்கமாகத் தள்ளி நின்று ஆவி காட்டினேன். பழைய காலத்துக் கவுன் ஏதாவது உங்கள் கைக்கு வந்தால் இதிலும் கூடுதல் கவனம் வேண்டும். 1930-கள் வாக்கில் ஜெலட்டின் சமிக்கிகள் புழக்கத்தில் இருந்தன, அவை ஈரத்திலும் சூட்டிலும் கரைந்தே போகும்.

செலவு என்று பார்த்தால் மணியைவிட எஃகு எலும்பும் நல்ல ரிப்பனும்தான் அதிகம் வாங்கின. நேரம் நேர்மாறு: அவிழ்ந்த முனைகளைக் கட்டுவதும் மணி வைப்பதும் பெரும்பங்கை விழுங்கின, உள்சட்டை அதில் ஒரு சிறு பங்கில் முடிந்தது. உங்களுக்கு நேரமில்லை என்றால் கவுனில் நாலு மணி குறைந்தாலும் பரவாயில்லை, உள்கட்டை முதலில் செய்யுங்கள் என்பேன்.

அடுத்த முறை சிலவற்றை மாற்றுவேன். கை உரசும் இடத்தில், அக்குளிலிருந்து 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு, மணியே வைக்காமல் தட்டைச் சமிக்கி மட்டும் வைப்பேன். இப்போது அவள் உள்கையில் லேசான கீறல் விழுகிறது. உட்காரும் பகுதியில் குழல்மணியைக் கழற்றிவிட்டுப் பாசிமணி கோப்பேன். உட்கார்ந்தால் உடைவது எப்போதும் குழல்தான், அதை நொறுக்க உடம்பு எடையே போதும். எட்டு நாடாவையும் நேராகத் தைத்துவிடாமல் மேல் முனையில் சிறு கொக்கி வைத்தால், நெட் இன்னும் நீண்டால் ஒரு படி ஏற்றி மாட்டிக்கொள்ளலாம்.

கவுனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஹேங்கர் கொடுக்கவில்லை. நீளமான அட்டைப்பெட்டி, அமிலமில்லாத மெல்லிய தாள் உருட்டி மடிப்புகளுக்குள் வைத்தது, மணி மணியோடு உரசாமல் இடையில் ஒரு தாள். அருங்காட்சியகங்களில் 1920-களின் மணி உடைகளைத் தட்டையாகக் கிடத்தி வைப்பதும் இதே காரணத்துக்குத்தான், தொங்கவிட்டால் சொந்த எடையிலேயே தோள் கிழியும். பெட்டிக்குள் ஒரு சிறு பையில் மீதி மணி, மெழுகு போட்ட நூல், 10 நம்பர் ஊசி இரண்டு. விழா முடிந்து வந்ததும் பெட்டியில் வைக்கும் முன் வெள்ளை விரிப்பில் கிடத்தி, உள்பக்கம் அவிழ்ந்த முனை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இருந்தால் தானே இழுத்துப் பார்க்க வேண்டாம், சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிவிட்டு என்னிடம் கொண்டு வா என்றும்.